6 ஆம்பியர் சாக்கெட்டில் 2,000 வாட் அடுப்பு

மறைமலை நகர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து எடுக்கும் வாடகை அறைகளில் இண்டக்‌ஷன் அடுப்புதான் சமையலறை. அடுப்பின் அடியில் ஸ்டிக்கரைப் பாருங்கள்: 2,000 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அறையில் இருப்பதோ ஃபேனுக்கும் சார்ஜருக்கும் போட்ட 6 ஆம்பியர் சாக்கெட். பெரிய பிளக் நுழையாவிட்டால் கன்வெர்ட்டர் போட்டுச் செருகிவிடுகிறார்கள். தளர்ந்த தொடுமுனையில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் ஏறக்குறைய 38 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டுக் கிடக்கிறது! அதே இடத்தில் 0.3 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் ஓடினால் 0.045 வாட்தான். மின்னோட்டம் 29 மடங்கு கூடியதற்குச் சூடு 841 மடங்கு. சாக்கெட் ஓட்டையின் ஓரம் பழுப்பேறுவது இதனால்தான். இந்த ஜூல் வெப்ப விதியைப் பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம்; அந்த வகுப்பிலேயே ஆளுக்கொரு ஸ்டிக்கரை வீட்டிலிருந்து எழுதிவரச் சொல்லிக் கணக்குப் போட வைக்கலாம். ஆனால் பொறுப்பு முதலில் வீட்டுக்காரருடையது. அட்வான்ஸும் வாடகையும் வாங்குபவர் அறைக்கு ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டையாவது, அதற்கேற்ற தடிமனான வயரில் தனி லைனாக இழுத்துத் தரவேண்டும். மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே என்று சமாதானம் சொல்லக்கூடாது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8.7 என்பது சாதாரண ஓட்டம்; சாக்கெட் உருகினாலும் அது விழாது.