லாரித் தண்ணியில் வளர்வது இயற்கைத் தோட்டமா?

2019 கோடையை எங்கள் அபிராமபுரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் குடியிருப்பில் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. லாரி வந்தால்தான் குளியல். அப்பவும் மொட்டைமாடித் தக்காளிக்கும் கீரைக்கும் தினம் நாலு குடம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பஞ்சகவ்யம், மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு எல்லாம் உண்டு. இயற்கைத் தோட்டம் என்று பெருமை வேறு.

ஒரு நாள் லாரி ஓட்டுநரிடம் கேட்டேன், "எங்கேருந்துப்பா தண்ணி?"

"திருவள்ளூர் பக்கம் சார், வயக்காட்டுக் கெணறு."

சுருக்கென்றது. யாரோ ஓர் உழவரின் வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரில் என் தக்காளி காய்த்துக்கொண்டிருந்தது.

அதே வாரம் மதில் ஓரத்தில் மண்வெட்டியோடு தயங்கி நின்றார் எங்கள் காவலாளி. செங்கல் துண்டும் காரையும் கொட்டிய இடத்தில், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமல், தரையோடு படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது கண்டங்கத்திரி. "முள்ளா இருக்கு, வெட்டிப் போடுன்னு சொல்றாங்க சார். இருமலுக்கு ஆவுற மருந்து, மனசு வரல" என்றார்.

நாம் உரம் பற்றிப் பேசுகிறோம், விதை பற்றிப் பேசுகிறோம். தண்ணீரும் ஓர் இடுபொருள்தான். வெளியிலிருந்து உரம் வாங்கினால் தப்பு, தண்ணீர் வாங்கினால் தப்பில்லையா? வானம் பார்த்து வாழத் தெரிந்த செடிக்குத்தான் கோடைத் தோட்டத்தில் முதல் இடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

கண்டங்கத்திரி நமக்குப் புதுசு இல்லை. 'சிறுபஞ்சமூலம்' என்ற நூலின் பெயரே ஐந்து வேர்களைக் குறிப்பது. அதில் கண்டங்கத்திரியும் உண்டு, நெருஞ்சிலும் உண்டு. தசமூலத்திலும் இந்த இரண்டும் சேரும். இன்றும் இருமல், இரைப்புக்கான மருந்துகளில் கண்டங்கத்திரி இருக்கிறது. ஆனால் சந்தைக்குப் போவது பெரும்பாலும் தரிசில் பிடுங்கியதுதான். சமூலமாக, அதாவது வேரோடு எடுப்பதால், பழம் உதிர்வதற்குள் பிடுங்கிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு விதை கிடையாது. மிச்சத்தைக் களைக்கொல்லி பார்த்துக்கொள்கிறது. வரப்பில் மருந்தடித்துக் கொன்றுவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வளர்ப்பதும் கஷ்டமில்லை. வெள்ளை வரியோடிய பச்சைக் காய், பழுத்தால் மஞ்சளாகும். அந்தப் பழத்தின் விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். முளைக்க நாளாகும், பொறுமை வேண்டும். மாடியில் வைப்பவர்கள் ஆழமான வாளியாகப் பாருங்கள். வேர் கீழே இறங்கும் செடி இது. செம்மண்ணும் மணலும் கலந்து, அடியில் ஓட்டை போட்டு, நல்ல வெயிலில் வையுங்கள். வேர் பிடிக்கும் வரைதான் தண்ணீர். தேங்கினால் அழுகிவிடும். வயலில் வேலி ஓரம் போதும், நடைபாதையில் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. பிரம்மதண்டும் முள் இலைதான், தரிசில் பக்கத்திலேயே நிற்கும். மஞ்சள் பூ, கிள்ளினால் மஞ்சள் பால். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-ல் டெல்லியில் உடல் வீங்கிப் பலர் இறந்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்டங்கத்திரியையும் சித்த மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். அடுப்படிக்கு வேண்டுமானால் அதே குடும்பத்துத் தூதுவளை இருக்கிறது, ரசத்துக்கும் துவையலுக்கும்.

"முள்ளுச்செடி சோறு போடுமா?" என்று கேட்பீர்கள். போடாது. காய்கறியை விடச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரையும் காயும் போடுவோம். சித்திரை, வைகாசியில் தொட்டியை முள்ளுக்கு விட்டுவிட்டு, உழவர் கிணற்றுத் தண்ணீரை உழவருக்கே விடுவோம்.

எங்கள் மதில் ஓரத்துச் செடியை அன்று வெட்டவில்லை. அதன் விதைதான் இப்போது என் மாடியில் ஆறு வாளியில் நிற்கிறது. இந்தக் கோடையில் லாரித் தண்ணீரில் ஒரு குடம்கூட மாடி ஏறவில்லை.