விலை கொடுத்து வாங்குங்கள்

தமிழில் புதினம் எழுதித் தாமே அச்சிட்டுத் தாமே விற்கும் எழுத்தாளர் ஒருவரைக் கண்டால், நம் அன்பர்கள் முதலில் கேட்பது, "எனக்கொரு படி தரமாட்டீர்களா, ஐயா?" என்பதே. இதனை அவர்கள் அன்பென்று கருதுகின்றனர். அஃது அன்பன்று, உழைப்பைப் பறிப்பதாகும். கடுஞ்சொல்லாயினும் கணக்குப் பார்த்தே சொல்கின்றேன்.

இருநூற்றைம்பது பக்கப் புதினமொன்றை ஒருவர் 300 படிகள் அச்சிடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். தாள், அச்சு, மேலட்டை, நூற்கட்டு எல்லாம் சேர்ந்து படியொன்றுக்கு 120 உருபா. ஆக, கைமுதல் 36,000 உருபா. விலை 250. கடைக்காரர் கழிவு 100 போக, அவர் கைக்கு வருவது 150. 240 படிகள் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். எஞ்சிய 60 படிகளே அவருக்கு ஊதியம். ஈராண்டு எழுத்துக்கு 9,000 உருபா! அந்த அறுபதைத்தான் நாம் 'அன்புடன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போகின்றோம். மெய்ப்புப் பார்த்த கண்ணுக்கும், பொதி சுமந்து அஞ்சலகத்துக்கு அலைந்த காலுக்கும் இக்கணக்கில் இடமே இல்லை.

அங்ஙனமாயின் பதிப்பகத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு வாளாவிருக்கலாமே எனின், அங்கேதான் நம்மைத் தொடும் செய்தி இருக்கின்றது. என் மாணவர் ஒருவர் நெசவாளர் வாழ்வைப் புதினமாக எழுதினார். பதிப்பாளர் ஒருவர் அதனைப் படித்துப் பாராட்டிவிட்டு, "'குளம்பி' என்றால் படிப்பவன் சிரிப்பான், 'காப்பி' என்றே போடுங்கள். 'மகிழுந்து' வேண்டா, 'கார்' போதும்" என்று பக்கந்தோறும் சிவப்பு மையால் கோடிட்டுத் தந்தார். கதைமாந்தர் பேச்சில் வழக்குச்சொல் வருவதை நான் மறுப்பவனல்லன். ஆனால், ஆசிரியர் கூற்றிலும் கைவைக்க இவர் யார்? மாணவர் கையெழுத்துப்படியைத் திரும்பப் பெற்றார். கூட்டுறவு வைப்பகத்தில் கடன் வாங்கித் தாமே அச்சேற்றினார். குளம்பி குளம்பியாகவே நின்றது, கடனும் நின்றது.

மறைமலையடிகளை எண்ணிப் பாருங்கள். அடிகள் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்னும் புதினத்தை எழுதியவர். 1902இல் 'ஞானசாகரம்' இதழைத் தொடங்கியவர். 1911இல் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் தங்கி, ஆங்கே தம் அச்சகத்திலேயே தம் நூல்களை வெளியிட்டார். 1916இல் தனித்தமிழ் உறுதி பூண்ட பின்னர், இதழின் பெயர் 'அறிவுக்கடல்' ஆயிற்று. தம் பழைய நூல்களின் பிற்பதிப்புகளிலும் வடசொற்களைக் களைந்து தமிழ்ச்சொற்களை அமைத்தார். நூலும் அச்சும் பிறர் கையில் இருந்திருப்பின், விற்றுக்கொண்டிருந்த நூலில் அவர் இங்ஙனம் சொல் மாற்ற எந்த வணிகர் இசைந்திருப்பார்? சொல்லுரிமை அச்சுரிமையோடு பிணைந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இக்கால் கணிப்பொறி வழியே ஐம்பது படிகள்கூட அச்சிடலாம். படியொன்றுக்குச் செலவு மிகும். ஆனால் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாய்க் கிடந்து செல்லரிப்பது குறையும். நூலக ஆணையை நம்பிக் காத்திருப்போரும் உளர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது முதல் வீட்டுவரியோடு நூலகவரியும் கட்டிவருகின்றோம். ஆயினும், ஆணை எப்போது வரும், எத்தனை படி எடுப்பர் என்பவை எழுதுபவர் கையில் இல்லை. அதனை நம்பிக் கடன்வாங்குவது வானம் பார்த்து விதைப்பது போன்றதே.

ஆகவே, நான் பரிந்துரைப்பது முன்பணமே. இது புதிய வழியன்று. உ.வே. சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, கையொப்பம் இட்டோர் தந்த பொருளே அச்சுச் செலவுக்குக் கைகொடுத்தது. மேற்சொன்ன கணக்கிலேயே, 150 பேர் முழுவிலையை முன்னரே தந்தால் 37,500 உருபா சேரும்; அச்சுச் செலவு முழுதும் அடையும்; கடைக்கழிவும் இல்லை. எஞ்சிய பாதிப் படிகள் எழுதியவருக்கே.

அந்த மாணவர் தம் இரண்டாம் புதினத்தை இம்முறையில் வெளியிட முனைந்துள்ளார். இதுவரை 43 பெயர்கள் சேர்ந்துள்ளன. அவர்களுள் தமிழாசிரியர்கள் நால்வரே.