ஏரியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

சட்டமன்றத்தில் உட்கார்ந்த ஐயாமாரே, அம்மாமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். டெல்லி போட்ட உத்தரவு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குத் தெரியும். 2024 டிசம்பர் 9 அன்று அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகக் கட்சி பேதமில்லாமல் தீர்மானம் போட்டீர்கள். அந்த மேலூர்ப் பக்கத்துச் சனம் தெருவில் இறங்கியது. ஜனவரி 23 அன்று ஏலமே ரத்து. டிவி முன்னால் உட்கார்ந்து நாங்களும் கை தட்டினோம். அந்த ஊர் நல்லா இருக்கட்டும். ஆனால் தட்டின கை மடியில் விழுவதற்குள் வயிறு எரிந்ததே, அதை யாரிடம் சொல்ல?

நாங்கள் பரந்தூர் பக்கம். 2022 ஆகஸ்டில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் இங்கேதான் என்றார்கள். அப்புறம் 5,746 ஏக்கருக்கு அரசாணை வந்தது. அதில் 1,972 ஏக்கர் அரசு நிலமாம், புறம்போக்காம். ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அந்தப் புறம்போக்கில்தான் ஐயா ஏரி இருக்கிறது, தாங்கல் இருக்கிறது, ஓடை இருக்கிறது. பல்லவர் காலத்துக் கம்பன் கால்வாய் இந்த வழியாகத்தான் போகிறது. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். அதை நம்பித்தான் சம்பா, அதை நம்பித்தான் நவரை. பிள்ளையார்பாளையத்தில் எங்க சின்னம்மா வீட்டில் தறி ஓடுகிறது. உடலும் கரையும் சேருகிற கோர்வை விட்டுப்போனால் அந்தச் சேலையை எந்த முதலாளியும் தொட மாட்டார். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் கோர்வையை அறுத்துவிட்டு, தண்ணீருக்கு மாற்று வழி செய்து தருகிறோம் என்கிறீர்கள்.

நிலம் பறிபோகும் ஏகனாபுரத்தின் கிராம சபை, விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. மறுபடியும் போட்டது. குடியரசு தினத்துக்கு, மே தினத்துக்கு, சுதந்திர தினத்துக்கு, காந்தி ஜெயந்திக்கு என்று கூட்டம் கூடும்போதெல்லாம் போட்டது. சாயங்காலம் ஆனால் பந்தலில் உட்கார்ந்து போராடி ஆயிரம் நாளைத் தாண்டினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கிட்டத்தட்ட ஊரே ஓட்டுப் போடப் போகவில்லை. உங்கள் தீர்மானத்துக்கு டெல்லியில் மரியாதை வேண்டும், எங்கள் தீர்மானத்துக்குக் கோட்டையில் ஒரு பதில் கடுதாசி கூடக் கிடையாதா?

நீங்கள் எங்களுக்காகச் சட்டமே போடவில்லை என்று சொல்ல மாட்டேன். போட்டீர்கள். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம், அதற்குள் ஏரியோ வாய்க்காலோ வந்தால், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வழி. விவாதம் கூட இல்லை. அதே நாளில் 12 மணி நேர வேலைச் சட்டமும் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தீர்கள், மே 1 அன்று வாபஸ். ஒரே நாளில் பிறந்த இரண்டில் ஒன்று செத்தது, இன்னொன்று 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இரண்டு மாதம் கூட ஆகவில்லை, அரிட்டாபட்டிக்காக அதே அவையில் எழுந்து நின்றீர்கள்.

எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் குடவோலை போட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் வைத்த ஊர். புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் கூட அந்த ஊரைச் சொன்னார். அதைப் பாடமாக வைத்து எங்கள் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறீர்கள். காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் நிற்கிறாரே, அவரே மூன்றடி மண்ணைக் கேட்டுத்தான் வாங்கினார். கேட்டார் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

போன மழையில் ஏரி நிரம்பிவிட்டது. அளக்க வந்த ஒருவர் கரையில் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தார், முட்டி வரை சேறு. “தண்ணி வத்தட்டும்மா, அப்புறம் வரோம்” என்றார். எங்க மாமியார் ஒன்றும் பேசவில்லை. கால் கழுவச் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார், அதே ஏரியிலிருந்து.