பிரிண்டர் வரட்டும், முதல்ல காணி

2021இல் சென்னை ஐஐடி வளாகத்தில் 600 சதுர அடி வீடொன்றைக் கொங்கிரீட்டால் அச்சடித்தே எழுப்பினார்கள். வீடியோ பார்த்து நாங்களும் வாயைப் பிளந்தோம். றக்வான தோட்டப் பக்கம் வந்தா இன்னும் பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பரா, மழைக்குத் தகரத்துக்குக் கீழே சட்டி. சீமெந்து மூட்டையையே ஏத்தத்துல தோளில்தான் தூக்குறோம். பிரிண்டர் எப்படி ஏறும்?

தொழில்நுட்பம் வேண்டாமென்று சொல்லவில்லை. மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து அழுத்திச் செய்யும் கல்லுக்குச் சூளை தேவையில்லை. மண் பொருந்தினால் தோட்டத்திலேயே செய்யலாம். சரிவு பார்த்துத்தான் கட்டணும் என்பதை 2014இல் மீரியாபெத்தை மண்சரிவு சொல்லிவிட்டது. ஆனா உறுதி இல்லாதவங்க ஒரு சுவரை நீட்டவும் நிர்வாகத்தைக் கேட்கணுமே! 7 பேர்ச்சும் உறுதியும் கைக்கு வரட்டும். எந்தக் கல்லில் கட்டுறதென்று நாங்க பார்த்துக்கிறோம்.