"வாரண்டி போய்விடும், சார்!"

"வாரண்டி போய்விடும், சார்!"

இந்த மூன்று சொற்களைக் கேட்டதும், அரைக் கோடி ரூபாய் கொடுத்துக் கார் வாங்கிய பெரிய மனிதர்கூட, வாத்தியாரைக் கண்ட சிறுவனைப் போல அடங்கிப் போகிறார். பேனாவை எடுக்கிறார். நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார். சாயந்திரம் பில் வருகிறது. நெற்றியைத் தடவிக்கொண்டே பணத்தைக் கட்டுகிறார்.

இன்னொருவர் இருக்கிறார். அவர் யாருக்கும் அடங்குவதில்லை. "ஒரு எண்ணெய் மாற்ற இவ்வளவு ரூபாயா? நானே மாற்றிக்கொள்ளுகிறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டுகிறார். காருக்கு அடியில் படுத்துவிடுகிறார்.

இந்த இருவரில் யார் செய்வது சரி?

இருவர் செய்வதும் பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்லுகிறேன்.

நமக்கு என்ன?

"இது பணக்காரர் சங்கதி. நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

உலகப் புகழ் பெற்ற பி.எம்.டபிள்யூ. கார்கள் 2007-ம் ஆண்டு முதல் நமது சென்னையை அடுத்த மகிந்திரா சிட்டியில் பொருத்தப்பட்டு வெளியே வருகின்றன. அந்தக் காரை வாங்குகிறவர் முதலாளியாக இருக்கலாம். ஆனால் அதைப் பூட்டுகிற கையும், ஓட்டுகிற கையும், துடைக்கிற கையும் உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்கலாம். காருக்கு ஒன்று வந்துவிட்டால் முதல் பழி யார் மேல் விழும்? டிரைவர் மேல்தான்!

அது மட்டும் அல்ல. பெரிய காருக்கு உள்ள நியாயம்தான் ஸ்கூட்டருக்கும், குளிர்சாதனப் பெட்டிக்கும், மிக்சிக்கும். ஆகவே கடைசி வரை படியுங்கள்.

வாரண்டி என்றால் என்ன?

வாரண்டி என்றால் உத்தரவாதம். "நாங்கள் செய்த பொருளில் எங்கள் குறையால் ஏதாவது கெட்டுப்போனால், இத்தனை ஆண்டுக்குள் இலவசமாகச் சரி செய்து தருகிறோம்" என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் வாக்கு. ஆண்டுக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

தேய்ந்து போகிற சாமான்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பிரேக் கட்டை தேயும். வைப்பர் ரப்பர் தேயும். அது அதன் இயல்பு. விபத்தில் நொறுங்கினாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் வாரண்டி வராது. அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

சர்வீஸ் என்பது வேறு. குறித்த காலத்தில் எண்ணெய் மாற்றுவது, வடிகட்டி மாற்றுவது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் சர்வீஸ். இதற்குச் சாதாரணமாக நாம்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிக் குழம்புகிறார்கள். அந்தக் குழப்பத்தில்தான் பயம் பிறக்கிறது. பயம் வந்தால் பணமும் போகிறது!

ஜவுளிக்கடைக்காரர்

எனக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர். உழைத்து முன்னுக்கு வந்தவர். ஐம்பது வயதில் வெளிநாட்டுக் கம்பெனியின் கார் ஒன்று வாங்கினார். பழைய நாளில் தன் வேனைத் தானே பழுது பார்த்தவர். ஆகவே புதுக் காருக்கும் எண்ணெயைத் தானே மாற்றினார். நல்ல எண்ணெய்தான் வாங்கி ஊற்றினார். வேலையும் சுத்தமான வேலை.

மூன்றாம் ஆண்டு, வாரண்டி முடியச் சில மாதங்கள் இருந்தன. எஞ்சினில் கடகடவென்று ஒரு சத்தம். வண்டி கம்பெனிப் பட்டறைக்குப் போயிற்று.

"எண்ணெய் எங்கே மாற்றினீர்கள், ஐயா?"

"நானே மாற்றினேன், தம்பி."

"எந்த எண்ணெய்? எந்தத் தேதி? எத்தனை கிலோமீட்டரில்?"

அவர் வாயால் சொன்னார். கையில் ரசீது இல்லை. டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார். தேதியும் குறித்து வைக்கவில்லை.

"எண்ணெய் சரியாக மாற்றாததால் வந்த கோளாறு" என்று கம்பெனி எழுதிவிட்டது. எஞ்சின் வேலைக்குப் பல லட்சம் ரூபாய் அவர் கைக்காசு.

"கடையில் ஒரு துண்டு விற்றாலும் பில் போடுகிறீர்கள். காருக்கு ஒரு காகிதம் வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று அவர் மனைவி கேட்டாராம். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

எண்ணெய் மாற்றியது அவர் தப்பு அல்ல. மாற்றியதற்குச் சாட்சி வைத்துக்கொள்ளாததுதான் தப்பு.

ஓய்வு பெற்ற அதிகாரி

இனி மற்றவர் கதை. இவர் ஓய்வு பெற்ற அதிகாரி. எதற்கெடுத்தாலும் கம்பெனிப் பட்டறைக்கே போவார். ஒரு தடவை பில்லைப் பார்த்ததும் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எஞ்சினை உள்ளே கழுவ ஒரு தொகை. ஏ.சி.க்கு மருந்து அடிக்க ஒரு தொகை. பெயிண்டுக்குப் பூச்சு, அடிப்பாகத்துக்குப் பூச்சு என்று இரண்டு தொகை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதெல்லாம் புத்தகத்தில் எங்கே இருக்கிறது, தம்பி?"

"எல்லாரும் செய்துகொள்ளுகிறார்கள், சார்."

"செய்யாவிட்டால்?"

"வாரண்டிக்குச் சிக்கல் வரலாம், சார்."

"அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. நான் பணம் தருகிறேன்."

அந்த இளைஞர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அந்த நான்கு தொகையும் பில்லில் இல்லை!

பாவம், அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "மாதம் இவ்வளவு விற்க வேண்டும்" என்று மேலே உள்ளவர்கள் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆனால் தெரியாதவரின் பயத்தை விற்றுக் காசாக்குவது வியாபாரம் ஆகாது.

சட்டம் சொல்லுவது

"வெளியில் கை வைத்தால் வாரண்டியே போய்விடும்" என்று மொத்தமாகச் சொல்லலாமா?

கூடாது என்று நம் நாட்டிலேயே உத்தரவு வந்திருக்கிறது. 2014 ஆகஸ்டு 25-ந் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி சாமான்களையும், பழுது பார்க்கத் தேவையான கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பென்ஸ், பி.எம்.டபிள்யூ. ஆகியவையும் அந்த 14-ல் உண்டு.

அந்த உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. வெளிப் பட்டறைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை அடியோடு ரத்து செய்யக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆகவே, "சட்டம் என் பையில் இருக்கிறது" என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். ஆனால் நியாயம் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது அல்லவா?

அமெரிக்காவில் 1975-லேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். "எங்கள் சாமானையே வாங்க வேண்டும், எங்கள் பட்டறைக்கே வர வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை" என்று அங்கே சாதாரணமாக நிபந்தனை போட முடியாது. கம்பெனி அதை இலவசமாகக் கொடுத்தால் வேறு விஷயம்.

நம் மத்திய அரசும் 2022-ல் "பழுது பார்க்கும் உரிமை" என்ற முயற்சியைத் தொடங்கியது. கார், செல்போன், வீட்டுச் சாமான்கள், விவசாயக் கருவிகள் ஆகிய நான்கும் அதில் அடங்கும். பார்த்தீர்களா? பணக்காரர் சங்கதி நம் வீட்டு மிக்சி வரை வந்துவிட்டது!

எதைத் தொடலாம்?

அப்படியானால் வாரண்டி காலத்தில் எதை நாமே செய்யலாம்?

டயரில் காற்று பார்க்கலாம். எவ்வளவு காற்று என்று பொதுவாக டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அட்டையில் எழுதியிருக்கும். காலையில், வண்டி ஓடும் முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கண்ணாடி கழுவும் தண்ணீரை நிரப்பலாம். வைப்பர் ரப்பரை மாற்றலாம். பல கார்களில் ஏ.சி. காற்று வடிகட்டியையும் புத்தகத்தைப் பார்த்து நாமே மாற்றிவிடலாம். ரேடியேட்டர் தண்ணீர் மட்டம் குறைந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்!

காலையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

எதைத் தொடக் கூடாது?

பழைய அம்பாசடர் வேறு, இன்றைய சொகுசுக் கார் வேறு. இதன் வயிற்றுக்குள் பல கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன.

சில பெரிய கார்களில் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. திரையில்தான் பார்க்க வேண்டும். பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் புது பேட்டரி வைத்தால், அதைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த கணக்கிலேயே சார்ஜ் ஏறும். பேட்டரியின் ஆயுள் குறையும். கை பிரேக்குக்குப் பதில் பட்டன் உள்ள கார்களில், பின் பிரேக் கட்டையை மாற்றுவதற்கு முன் அந்த மோட்டாரை விலக்கி வைக்க வேண்டும். அதற்குக் கருவியோ, காரிலேயே உள்ள முறையோ தெரிந்திருக்க வேண்டும். பலவந்தம் செய்தால் மோட்டார் கெட்டுவிடும்.

எண்ணெயிலும் வகை உண்டு. பென்ஸ் காருக்கு 229.5 போன்ற ஓர் எண். ஆடி காருக்கு 504 00 போன்ற ஓர் எண். மாடலுக்கு மாடல் இது மாறும். டப்பாவில் அந்த எண் இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயானாலும் அந்தக் காருக்கு ஆகாது.

ஆகவே வாரண்டி முடியும் வரை எஞ்சின் எண்ணெய், பிரேக், கியர், மின்சாரம் ஆகிய நான்கையும் கம்பெனிப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள் என்பேன். நமக்கு வேலை தெரியாது என்பதற்காக அல்ல. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், அவர்கள் போட்ட முத்திரையே நமக்குச் சாட்சி. தங்கள் முத்திரையைத் தாங்களே மறுக்க முடியுமா?

வெள்ளம் வந்தால்

ஒரு முக்கிய எச்சரிக்கை. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மறுபடியும் வந்தது. அப்படித் தண்ணீரில் நின்ற காரை, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஏன் தெரியுமா? எஞ்சினுக்குள் காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால், அழுத்துகிற தண்டு வளைந்துவிடும். வாரண்டி தராது. இன்சூரன்ஸ்காரரும், "ஸ்டார்ட் செய்ததால்தானே கெட்டது?" என்று கேட்பார். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

டிரைவர் தம்பிமார்களே, முதலாளி அவசரப்படுத்தினாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்!

ஒரு நோட்டுப் புத்தகம்

எல்லாவற்றுக்கும் மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு போதும்.

தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம். இந்த நான்கையும் எழுதுங்கள். ரசீதை அதிலேயே ஒட்டி வையுங்கள். வீட்டுக் கணக்கு எழுதுகிற அம்மாவிடம் இந்த வேலையைக் கொடுங்கள். பால் கணக்கில் ஒரு நாள் கூடத் தவறாதவர், கார் கணக்கிலும் தவறமாட்டார்!

பட்டறையில் வண்டியை விடும்போது, "புத்தகத்தில் உள்ளதை மட்டும் செய்யுங்கள். வேறு எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வாரண்டியை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவும் சரியில்லை என்று தோன்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது.

எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொள்ளுகிறவர் பணத்தை இழக்கிறார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று ரசீதைக் கிழித்துப் போடுகிறவர் உரிமையை இழக்கிறார். வேலையைக் கம்பெனி செய்யட்டும். கண் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும்.

உடையவன் பாராத பயிர் உருப்படாது என்பார்கள். காரும் அப்படித்தான்!