கத்தி பிடிக்கும் கை மட்டும் போதாது, தம்பிகளே!

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி போன வாரம் ஒரு காணொளி போட்டிருந்தார். பேருந்து மாதிரி ஒரு வண்டி. அதற்குள் அறுவை சிகிச்சை ரோபோ. எங்கோ நகரத்தில் உட்கார்ந்து டாக்டர் கையை அசைக்க, இங்கே ரோபோவின் கை அசையுமாம். கீழே அவர் எழுதியிருந்தார்: "இனிமேல் கல்வராயன் மலைக்கு டாக்டரே ஏற வேண்டாம் சார், ரோபோ ஏறினால் போதும்." எல்லாரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. "சாருக்கு வயசாயிடுச்சு" என்று ஒருவர் சிரித்தும் வைத்தார். வயது ஆனது உண்மைதான். ஆனால் நான் தட்டாததற்குக் காரணம் அது இல்லை.

இயந்திரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்து, கடலுக்கு அப்பால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த 68 வயது அம்மாவின் பித்தப்பையை எடுத்தார் டாக்டர் ழாக் மரெஸ்கோ. 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் இருந்தபடி, சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் இருந்த நோயாளியின் இதய அடைப்பை நீக்கினார். 2025 ஜனவரியில் நம் நாட்டிலேயே செய்த எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா ரோபோவை வைத்து குருகிராமிலிருந்து 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் இதய அறுவை நடந்தது. பெருமைதான். நானும் பெருமைப்பட்டேன்.

கரடுமுரடான இடத்துக்கு ரோபோவைப் பழக்குகிற வேலையும் நடந்துதான் வருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 'ரேவன்' என்ற ரோபோவை 2006-இல் கலிபோர்னியாவின் வறண்ட வெளியில் கூடாரத்துக்குள் நிறுத்தி, ஆளில்லா விமானம் வழியாக சிக்னல் அனுப்பிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் புளோரிடா கடலடி ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள ஒரு ரோபோவை விண்வெளி நிலையத்தில் வைத்து, பூமியிலிருந்து டாக்டர்கள் இயக்கினார்கள். அதில் வெட்டியது என்ன தெரியுமா? ரப்பர் பேண்ட்! சிக்னல் போய்வர அரை வினாடிக்கு மேல் ஆனது. டி.வி. நேரலையில் நிருபர் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று முழிப்பாரே, அந்தத் தாமதம்தான். பேச்சில் அது சிரிப்பு. ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் கத்தி இருக்கும்போது அது சிரிப்பு இல்லை.

சரி, நம் மலைக்கு வருவோம்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் இருந்தேன். 1986. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், கெட்டிக்காரன், ரெண்டு நாளாக வயிற்று வலி என்று வரவில்லை. மூன்றாம் நாள் இரவு அவன் அப்பா வந்து கதவைத் தட்டினார். கயிற்றுக் கட்டிலில் மூங்கிலைக் கட்டி நாலு பேர் தூக்கினோம். டார்ச் லைட் என் கையில். அடிவாரம் வந்து, ஒரு லாரியை நிறுத்தி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது.

அங்கே சர்ஜன் இருந்தார். நல்ல மனிதர். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே குடல்வால் வெடித்திருக்கும் என்றார். "ஆபரேஷன் செய்ய நான் இருக்கிறேன் சார். மயக்க மருந்து கொடுக்க டாக்டர் இல்லை. அந்தப் பணியிடம் காலி" என்றார். வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பையன் வழியிலேயே போய்விட்டான். அவன் தலை என் மடியில் இருந்தது.

தம்பிகளே, நன்றாகக் கவனியுங்கள். அன்றைக்கு இல்லாமல் போனது கத்தி பிடிக்கும் கை இல்லை. கை இருந்தது. தயாராக இருந்தது. இல்லாதது மற்றதெல்லாம். உங்கள் ரோபோ கொண்டுவருவது எதை? எது இருந்ததோ, அதையே!

ரோபோ மயக்க மருந்து கொடுக்காது. மூச்சு இறங்கினால் குழாய் போடாது. தொலைவிலிருந்து செய்த ஆபரேஷன் ஒவ்வொன்றிலும் நோயாளியின் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் டாக்டர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். கனடாவில் 2003 முதல் டாக்டர் மெஹ்ரான் அன்வாரி ஹாமில்டனிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி நார்த் பே என்ற சிறிய ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார். அது ஏன் நடந்தது? அந்தச் சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் தியேட்டர் இருந்தது, நர்ஸ் இருந்தார், கம்பி அறுந்தால் கையுறையை மாட்டிக்கொண்டு தானே முடிக்க ஒரு சர்ஜனும் இருந்தார். ரோபோ அவருக்குத் துணையாகப் போனது. அவருக்குப் பதிலாகப் போகவில்லை.

சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-இல் 34 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ரோபோ வந்தது. ஏழைக்கும் அந்தச் சிகிச்சை என்பது நல்ல காரியம். ஆனால் அது நிற்கிற இடம் எப்படிப்பட்டது? ஏ.சி., தூசியில்லாத அறை, நிற்காத மின்சாரம், சுற்றிலும் பத்துத் துறை டாக்டர்கள். வெள்ளிமலையில் ஐப்பசி மழை பிடித்தால் முதலில் கரண்ட் போகும், அடுத்து டவர் போகும். மலை வளைவுகளில் குலுங்கி ஏறிய வண்டியில் ரோபோ கையின் அளவு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அதை யார் சரிபார்ப்பது?

"ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்தானே சார்?" என்பீர்கள். அப்படித்தான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு எழுதினோம். டி.வி. பெட்டி வந்தது. மறுபடி எழுதினோம். "அதான் டி.வி. கொடுத்திருக்கிறதே" என்று பதில். ரெண்டு வருஷம் பெட்டி பூட்டியே கிடந்தது, ஆசிரியரும் வரவில்லை. பெட்டியால் பிள்ளைகளுக்குக் கெடுதல் இல்லை. அதைக் காட்டி ஆளை மறுத்தார்களே, அதுதான் கெடுதல். "டாக்டரே ஏற வேண்டாம்" என்று நீங்கள் கைதட்டும்போது, அந்தப் பதிலை இப்போதே எழுதிக் கொடுக்கிறீர்கள்.

இன்ஜினியர் ஆன பிள்ளைகளே, ரோபோ செய்யுங்கள். ஆனால் பெங்களூர் ஏ.சி. அறையில் அது ஓடியதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மழைக்காலத்தில் வெள்ளிமலைக்குக் கொண்டுவாருங்கள். கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், சிக்னல் அறுந்தால் கை அப்படியே அசையாமல் நிற்குமா என்று அங்கே காட்டுங்கள். வண்டியை நிறுத்த என் வீட்டு வாசலில் இடம் தருகிறேன்.

டாக்டர் ஆன, ஆகப்போகிற பிள்ளைகளே, நம் மாவட்டத்துக்கே 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. உங்களில் ரெண்டு பேர் மயக்கவியல் படித்து இந்தப் பக்கமே இருந்தால் ரோபோவைவிடப் பெரிய உதவி.

உறவுகளே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் ரோபோ என்று சொன்னால் நாலே கேள்வி கேளுங்கள். மயக்கம் கொடுப்பது யார்? ரத்தம் எங்கே இருக்கிறது? கரண்ட் போனால் என்ன வழி? சிக்னல் அறுந்தால் வயிற்றை மூடித் தைக்கப் பக்கத்தில் நிற்கிற டாக்டர் யார்? நாலுக்கும் பதில் வந்தால் நானும் சேர்ந்து கைதட்டுகிறேன். பதில் இல்லை என்றால், முதலில் ஆளைப் போடச் சொல்லுங்கள்.

அந்தப் பையன் இருந்திருந்தால் இன்றைக்கு ஐம்பதை நெருங்கியிருப்பான். இந்தக் குழுவில் அவனும் இருந்திருப்பான்.

தப்பாக ஏதும் சொல்லியிருந்தால் திருத்துங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை, பதில் எழுதுங்கள்.

என்றும் உங்கள் ஆசிரியர்,
நைனார்பாளையம்.