புறக்கோட்டைக்குப் போக நல்ல காலம் எது?

நோன்பு பாதி கழிந்த பின்னர்தான் எமது பகுதிப் புடைவைக் கடைக்காரர் பலருக்குப் புறக்கோட்டை நினைவுக்கு வருகின்றது. இரவு பஸ்ஸில் போய், கெய்சர் வீதி நெரிசலில் இடிபட்டு, கேட்ட விலையைக் கொடுத்துக் கட்டிக்கொண்டு அன்றிரவே திரும்புகின்றோம். துணியை விரித்துப் பார்க்க எமக்கு நேரமில்லை. தவணை பேச மொத்த வியாபாரிக்கும் நேரமில்லை.

நத்தார் முடிந்தால் ஜனவரி, பெப்ரவரியில் சந்தை ஓய்ந்திருக்கும் என்பது நம்மவர்களின் பழைய கணக்கு. அது இனிச் சரிவராது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாட்கள் குறைந்தது. 2024 இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் சில நாள் இடைவெளியில் வந்தன. 2025 இல் பெருநாள் மார்ச் இறுதிக்கு நகர்ந்தது. 2030 இலோ பெப்ரவரி தொடக்கத்திலேயே வரும். அவ்வாண்டு டிசம்பர் கடைசியில் மறுபடியும் நோன்பு ஆரம்பிக்கும்.

ஆகவே இரண்டு கலண்டர்களையும் பக்கத்தில் வைத்தே பயணத்தைத் தீர்மானிக்க வேண்டும். இந்த ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட மாதங்களே தோதானவை.

"முற்கூட்டி வாங்கினால் காசு முடங்குமே" என்பீர்கள். உண்மைதான். சிறுவர் உடுப்பு, புது மோஸ்தர் என்பவற்றைப் பெருநாளை அண்மித்தே வாங்குங்கள். சாரம், வெள்ளைத்துணி, படுக்கை விரிப்பு ஆகியன பழசாவதில்லை. அவற்றையாவது ஆறுதலாகப் பார்த்து, பேசி வாங்குவோம். கொள்முதலில் விட்ட இலாபத்தை விற்பனையில் பிடிப்பது கடினம்.